மாரி வரும் முன்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு ஒரு மரக்கறி உணவு வழிகாட்டி

2011ஆம் ஆண்டு தை மாத வெள்ளத்தில் எங்கள் வளவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சந்தைக்குப் போகும் பாதை மூடிவிட்டது. ஒரு கிழமைக்கு மேல் வெள்ளைச் சோறு, பருப்பு, டின் மீன், கருவாடு, கிடைத்த நேரம் பாண், இவ்வளவுதான் சாப்பாடு. நான்காம் நாள் சின்னவன் மலம் இறுகி அழத் தொடங்கினான். அம்மாவுக்கு ஏற்கெனவே சீனி வருத்தம். தண்ணீர் வடிந்து கிளினிக்குக்குப் போனபோது அவருடைய சீனி அளவைப் பார்த்து டாக்டர் இரண்டாம் முறை சோதிக்கச் சொன்னார். அந்த நாட்களில் எங்கள் வேலியில் முசுட்டைக் கொடி தளதளவென்று படர்ந்து கிடந்தது. ஒரு இலைகூட நாங்கள் கிள்ளவில்லை. அதை உணவென்று நினைக்கவே தோன்றவில்லை.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு மாரிக்கும் முன்கூட்டியே தயாராகப் பழகிக்கொண்டேன். வருடக்கணக்கில் செய்து பார்த்து எங்கள் வீட்டில் நிலைத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மீன், இறைச்சியை அடியோடு விடுங்கள் என்று யாரையும் நான் கேட்கவில்லை. ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் தட்டின் பெரும்பகுதி இலை, காய், பயறு, கிழங்கு, பழம் என்று இருக்கட்டும். வாடைக்கு கடல் கொந்தளித்து மீன் விலை ஏறும் காலமும் இதுதான், ஆகவே காசுக்கும் இது பொருந்தும்.

முதலில்: எந்த நோயை மனதில் வைத்துச் சாப்பிடுகிறோம்?

எங்கள் பக்கத்தில் குளிர்காலம் என்றால் வாடைக்காற்றும் விடாத மழையும்தான். அந்த ஈரத்தோடு வரும் நோய்களை நான் நான்காகப் பிரித்துப் பார்ப்பேன். தடிமன், இருமல், இழுப்பு ஒரு கூட்டம். கிணற்றில் வெள்ளத் தண்ணீர் கலப்பதால் வரும் வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி இன்னொன்று. நுளம்பாலும் எலியாலும் வரும் டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றாவது. நான்காவதை யாரும் மாரி நோய் என்று சொல்வதில்லை: வீட்டுக்குள் அடைந்திருந்து, வடையும் ரோல்ஸும் இனிப்புத் தேநீருமாக நாளைக் கழிப்பதால் ஏறும் சீனியும் பிரஷரும்.

சாப்பாடு இந்த நான்கிலும் ஒரே அளவு வேலை செய்யாது. டெங்கு நுளம்பு கடித்தால் கடித்ததுதான், எந்தக் கீரையும் அதைத் தடுக்காது. வயிற்றோட்டத்தைத் தடுப்பது சுத்தமான தண்ணீரும் கழுவிய கையும். தடிமன் விடயத்தில் உணவுக்கு ஓரளவு பங்கு இருக்கிறது. விற்றமின் சி நாளுக்கு 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஒழுங்காக எடுத்து வந்தவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தடிமன் வருவது பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அது நீடிக்கும் காலம் பெரியவர்களுக்கு 8 வீதமும் பிள்ளைகளுக்கு 14 வீதமும் குறைந்திருந்தது. தடிமன் பிடித்த பிறகு அவசரமாக விழுங்கிய குளிசையால் அப்படி ஒரு பலன் தெளிவாகத் தெரியவில்லை. அதாவது, பழத்தையும் இலையையும் மழை தொடங்கும் முன்பே பழக்கமாக்க வேண்டும்.

உணவின் முழுப் பலம் தெரிவது நான்காவது கூட்டத்தில். அந்த நான்காவது வேறு தொற்றுகளுக்கும் கதவைத் திறந்து விடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மெலியோய்டோசிஸ் என்று ஒரு தொற்று இருக்கிறது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பக்றீரியாவால் வருவது, மழைக்காலத்தில் கூடுவது, மட்டக்களப்பிலும் கண்டறியப்பட்டிருப்பது. இது கடுமையாகத் தாக்குவது பெரும்பாலும் நீரிழிவு உள்ளவர்களை. சேற்றில் இறங்காமல் வயல்காரரால் இருக்க முடியாது. சீனியைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்குவதும், காலில் புண் இருந்தால் பூட்ஸ் போடுவதும் முடியும். பெரும்போக வயலுக்கு இறங்கும் ஒருவருக்குச் சிவப்பு அரிசியும் பயறும் கீரையும் இந்த வகையில் ஒரு காப்பு.

புரட்டாதியில் அடுக்கி வைப்பது

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பார்த்த என் அம்மம்மா, புரட்டாதி வெயில் போவதற்குள் அறையில் சாமான் அடுக்கி முடிக்காமல் நிம்மதியாகத் தூங்கமாட்டார். "மழை துவங்கினா மறுகா எங்க புள்ள காய வைக்கிற?" என்று கேட்பார். அந்தப் பழக்கத்தை நான் திரும்பப் பிடித்துக்கொண்டேன்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு, பாதை மூடினாலும் இரண்டு கிழமை தாக்குப்பிடிக்க நான் வைப்பது இது. தீட்டல் குறைந்த சிவப்பு அரிசி 15 கிலோ. பச்சைப்பெருமாள் என்ற பழைய சிவப்பு நெல்லின் அரிசி கிடைத்தால் அதில் கொஞ்சம் கஞ்சிக்கு. பாசிப்பயறு, கௌபி, கடலை மூன்றிலும் ஒவ்வொரு கிலோ, மைசூர்ப் பருப்பு 2 கிலோ. குரக்கன் மா ஒரு கிலோ. தோலோடு கச்சான், எள் அரை அரைக் கிலோ. கொத்தமல்லி, மிளகு, சின்னச்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி, பழப்புளி. பூசணிக்காய் இரண்டு, காம்பு ஒட்டியபடி. வெட்டாத பூசணி மாதக்கணக்கில் இருக்கும், வெள்ளத்தில் அதுபோல ஒரு மரக்கறி வேறு இல்லை. தேசிக்காய் முப்பது நாற்பது. அதில் பாதியை உப்பில் போட்டு வைப்பேன்.

பூசணியும் தேசிக்காயும் தவிர மற்ற எல்லாத்தையும் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, ஆறிய பிறகு மூடி இறுகிய வாளியிலோ டின்னிலோ போட வேண்டும். சூடாக அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கச்சானில் இதை மிகவும் கவனியுங்கள். கறுத்து, சுருங்கி, கசக்கும் பருப்பில் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது அது, வறுத்தாலும் அவித்தாலும் முழுதாக அழியாது. கைப்பிடி கச்சானில் நாலு கெட்டது இருந்தால் அந்த நாலை மட்டும் எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். அந்தப் பையையே எறியுங்கள்.

வளவில் முளைப்பதை அடையாளம் காணுதல்

காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் ஒரு காலைப்பொழுது வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள். இரண்டு மூன்று மழை விழுந்ததும் வருவன: முசுட்டை, முடக்கொத்தான், மொசுமொசுக்கை, தூதுவளை, குப்பைக்கீரை, பொன்னாங்காணி, சாரணை. நடுவதற்கு லேசானவை: வல்லாரை, பசளி, கங்குன், தண்டுக்கீரை. மரமாக நிற்பவை: முருங்கை, அகத்தி. இந்தப் பட்டியலில் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் பறியுங்கள். தெரியாத கொடியைப் படத்தைப் பார்த்து ஊகித்துச் சமைக்க வேண்டாம். ஊரில் வயதான ஒரு பெண்மணியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக் கேளுங்கள், இன்னும் பத்து வருடத்தில் கேட்க ஆள் இருக்காது.

முருங்கையை ஏன் எல்லாரும் சொல்கிறார்கள் என்றால், 100 கிராம் பச்சை இலையில் 9 கிராம் அளவு புரதமும், 185 மில்லிகிராம் கல்சியமும், 50 மில்லிகிராம் விற்றமின் சியும் இருக்கிறது. மாரியில் மரத்தில் மயிர்க்கொட்டி வரும். கொப்பை ஒடித்துக் கொண்டு வந்து, வெள்ளைத் துணியில் உதறி, இலையின் பின்பக்கம் பார்த்து ஆயுங்கள். பூச்சி அடித்த மரத்துக்கு மருந்து அடித்திருந்தால் அந்த இலையை விட்டுவிடுங்கள்.

வளவு தாழ்வாக இருந்தால் நிலத்தில் விதைத்த கீரை ஒரே மழையில் அழுகிவிடும். வெற்று அரிசிப் பையில் பாதிக்கு மண்ணும் எருவும் உமியும் கலந்து நிரப்பி, அடியில் நாலு துளையிட்டு, திண்ணை ஓரமாக இரண்டு கல்லின் மேல் தூக்கி வையுங்கள். புரட்டாதிக் கடைசியில் தண்டுக்கீரை தூவினால் 25 நாளில் முதல் பிடுங்கல். கங்குனுக்கு இந்தக் கவலை இல்லை, அது தண்ணீரையே விரும்பும். ஆனால் அது எந்தத் தண்ணீரில் வளர்கிறது என்பது முக்கியம். கழிவு ஓடும் வாய்க்கால் ஓரத்தில் செழித்து நிற்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

வீட்டில் இடமே இல்லாதவர்கள் களுதாவளை, களுவாஞ்சிகுடி, செங்கலடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எந்தச் சந்தைக்குப் போனாலும் காலையில் படுவான்கரைப் பக்கத்திலிருந்தும் வயல் ஓரத்திலிருந்தும் இலைக்கட்டோடு வந்து ஓரமாக இருக்கும் பெண்களைப் பாருங்கள். குளிரூட்டியில் பிளாஸ்ரிக் சுற்றி வைத்த ப்ரொக்கொலிக்குக் கொடுக்கும் காசில் அவர்களிடம் ஒரு கிழமைக்கான இலை வாங்கலாம்.

தட்டில் எது எவ்வளவு

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் பழமும் மரக்கறியும் என்கிறது. கிழங்கு வகை அந்தக் கணக்கில் சேராது. தராசு வேண்டாம், கையை வைத்தே அளக்கலாம். சமைத்த இலை ஒரு கைப்பிடி, வேறு காய்க்கறி இரண்டு கைப்பிடி, பழம் இரண்டு. இதற்குக் கிட்ட வந்துவிடுவோம்.

எங்கள் ஊரில் சோற்றை மலையாகக் குவித்து, அதன் நெற்றியில் பொட்டு வைத்ததுபோலக் கீரை வைப்போம். அதைத் திருப்ப வேண்டும். நான் செய்த தந்திரம்: முதலில் இலைச் சுண்டலையும் காயையும் தட்டில் போட்டுப் பாதியை நிரப்புவது. அப்புறம் ஒரு கால்பங்கு பயறோ பருப்போ. மிஞ்சிய இடத்துக்குச் சோறு. முதல் மாதம் வீட்டில் எல்லாரும் பசிக்கிறது என்றார்கள். பயற்றைக் கூட்டினேன், சரியாகிவிட்டது.

உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது தேக்கரண்டி ஒன்று தலைதட்டி. கருவாடு, ஊறுகாய், பப்படம், மோர்மிளகாய் நான்கும் ஒரே தட்டில் வந்தால் அந்த அளவு ஒரே வேளையில் தாண்டிவிடும். மழைநாளில் இவை நாலும் சேர்ந்து வருவதுதான் வழமை, ஆகவே ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அயடீன் சேர்த்த உப்பை மூடி வைத்து, சமையல் முடியும் நேரத்தில் போடுங்கள்.

தேங்காய்ப்பாலைப் பற்றிச் சண்டை வரும், எனக்குத் தெரியும். தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. கறிக்குக் கறி முதற்பால் விட்டால் இருதயத்துக்கு நல்லதல்ல. ஒரு வேளைக்கு ஒரு பாலாணம் போதும், அதையும் இரண்டாம் பாலில் வையுங்கள். மற்றக் கறிகளை வெறும் தூளில் பிரட்டுங்கள். சுண்டலுக்குத் துருவிய பூ ஒரு கைப்பிடி போடுவதில் குறை ஒன்றும் இல்லை.

முசுட்டைச் சுண்டல், அடுப்படியில் நின்று பார்த்தால்

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இலையைக் கெடுப்பது பெரும்பாலும் சமையல்தான்.

முசுட்டை இலை உள்ளங்கை அளவு வட்டமாக இருக்கும். மேல்பக்கம் பச்சை. பின்பக்கம் திருப்பினால் வெள்ளி பூசியதுபோல மினுங்கும், தொட்டால் பட்டு மாதிரி. கொடியின் நுனியிலிருந்து ஐந்தாறு இலை வரைக்கும் இளசு, அதைத்தான் பறிக்க வேண்டும். நாலு பேருக்கு நாற்பது இலை. கழுவி, ஒரு துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் சுண்டல் குழைந்துபோகும். பத்து இலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுருட்டுப் போல இறுக்கிச் சுருட்டி, கத்தியை நெருக்கமாக வைத்து நூல் நூலாக அரியுங்கள். அரியும்போது பச்சை வாசம் விரலில் ஏறும். கழுவுவது வெட்டும் முன்புதான். வெட்டிய பிறகு கழுவினால் தண்ணீரில் கரையும் விற்றமின்கள் தண்ணீரோடு போய்விடும்.

தாச்சியைச் சூடாக்கி ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, ஒரு செத்தல் மிளகாய், ஐந்தாறு சின்ன வெங்காயம், இரண்டு பல்லு உள்ளி தட்டிப் போடுங்கள். வெங்காயம் கண்ணாடியானதும் கால் தேக்கரண்டி மஞ்சள், தேங்காய்ப்பூ. பூவின் வாசம் வந்ததும் இலையைக் கொட்டி அடுப்பைக் கூட்டி, இரண்டு அகப்பைக் காம்பால் மேலும் கீழும் எறிந்து பிரட்டுங்கள். மூன்று நிமிடம். பச்சை கறுக்கும் முன் இறக்க வேண்டும். உப்பு இப்போது. சூடு ஆறிய பிறகு அரைத் தேசிக்காய்.

அந்தத் தேசிக்காய் சுவைக்கு மட்டும் இல்லை. இலையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து மீன், இறைச்சியில் உள்ளதுபோல உடம்பில் லேசாகச் சேராது. விற்றமின் சி பக்கத்தில் இருந்தால் கூடுதலாக உறிஞ்சப்படும். தேநீர் அதற்கு நேர்மாறு, இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்ரீ குடிக்கும் பழக்கம் எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடுங்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் இந்த ஒரு மாற்றத்தையாவது நாளைக்கே செய்யுங்கள்.

இதே முறையில் பொன்னாங்காணி, முருங்கை, அகத்தி, குப்பைக்கீரை எல்லாம் சுண்டலாம். அகத்திக்கு இன்னும் இரண்டு நிமிடம் கூட வேண்டும்.

பயறு, கௌபி, குரக்கன்: மீன் இல்லாத நாளின் பலம்

60 கிலோ எடையுள்ள ஆளுக்கு நாளுக்கு 48 கிராம் அளவு புரதம் வேண்டும். காய்ந்த பாசிப்பயறு, கௌபி, பருப்பு எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 24 கிராம் கிட்டப் புரதம். கச்சானில் 25 கிராம். மூன்று வேளை சிவப்பரிசிச் சோறும், ஒருவருக்கு இரண்டு கைப்பிடி காய்ந்த பயறும், பின்னேரத்துக்கு ஒரு சிறங்கை கச்சானும் இருந்தால் மீன் இல்லாத நாளும் குறைவில்லாமல் ஓடும்.

இரவே ஊறப்போடுங்கள். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள், வயிற்றுப் பொருமல் குறையும். முளைகட்டினால் இன்னும் நல்லது. ஊறிய பயற்றை ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். மாரி ஈரத்தில் அது இரண்டாம் நாளே வழுவழுப்பாகி மணக்கும், அப்படியானதை எறியுங்கள். முளைப்பயற்றைப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கம் இந்தக் காலத்தில் வேண்டாம், ஆவியில் பத்து நிமிடம் வையுங்கள்.

குரக்கனில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, பால் குடிக்காதவர்களுக்கு இது பெரிய காரியம். குரக்கன் ரொட்டிக்கு முருங்கையிலையையும் வெங்காயத்தையும் சேர்த்துப் பிசைந்தால் காலைச் சாப்பாடு அதிலேயே முடிந்துவிடும்.

கிழங்கில் வத்தாளை எல்லாருக்கும் ஏற்றது. மரவள்ளிக்கு மட்டும் எச்சரிக்கை. தோலை முழுதாகச் சீவி, நடு நரம்பை எடுத்து, சட்டியை மூடாமல் நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அதில் சயனைட் தரும் சத்து உண்டு. கசக்கும் கிழங்கை வாயில் வைத்ததும் துப்புங்கள்.

கஞ்சியும் கொத்தமல்லியும்

மழை நாள் காலையில் பாணும் சம்பலும் சாப்பிடும் இடத்தில் கிழமைக்கு மூன்று நாள் இலைக்கஞ்சி வைக்கலாம். அரைச் சுண்டு சிவப்புப் பச்சையரிசியை ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, கையால் நொறுக்கி, ஆறு கோப்பை தண்ணீரில் நாலு பல்லு உள்ளியோடு குழைய அவியுங்கள். வல்லாரையோ முடக்கொத்தானோ இரண்டு கைப்பிடி எடுத்து, ஒரு கோப்பை கொதித்தாறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். கஞ்சியில் ஒரு கோப்பை இரண்டாம் பால், கடைசியாக இலைச்சாறு. ஓரத்தில் குமிழி எழும்பியதும் இறக்கிவிடுங்கள், பச்சை நிறம் அப்படியே நிற்கும். பனங்கட்டி ஒரு துண்டு கடித்துக்கொள்ளலாம், சீனி வருத்தக்காரருக்கு அதுவும் வேண்டாம்.

தடிமன் பிடித்தால் கொத்தமல்லி. இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லியை வெறும் சட்டியில் வறுத்து, விரல்நுனி அளவு வேர்க்கொம்பும் நாலு மிளகும் தட்டிப் போட்டு, மூன்று கோப்பைத் தண்ணீர் ஒன்றரையாக வற்றும்வரை கொதிக்க விடுங்கள். இது தொண்டைக்கு இதம் தரும், சளியை இளக்கும், உடம்பில் தண்ணீரைச் சேர்க்கும். கிருமியைக் கொல்லும் மருந்தென்று நம்பி மூச்சு வாங்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். மத்தியானச் சோற்றுக்கு மிளகும் சீரகமும் உள்ளியும் தட்டிய புளியாணம் சூடாக இருந்தால் வாய்க்கசப்பும் போகும்.

பழத்துக்கு வெளிநாட்டு அப்பிள் தேட வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி, தோடம்பழத்தில் 50 அளவுதான். பப்பாசியும் தோடம்பழத்துக்குக் குறைந்ததல்ல. நெல்லிக்காய் கிடைக்கும் காலத்தில் நாளுக்கு ஒன்று போதும்.

வெள்ள நாட்களில் பச்சை இலை

இந்த இடத்தில் எனக்கே ஒரு பாடம் உண்டு. ஒரு மார்கழியில், வல்லாரைச் சம்பல் உடம்புக்கு நல்லது என்று வெள்ளம் வடிந்த இரண்டாம் நாள் செய்து கொடுத்தேன். கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவினேன். வீட்டில் மூன்று பேருக்கு வயிற்றோட்டம். நிலத்தோடு படரும் வல்லாரையின் காம்பிடுக்கில் சேறு ஒட்டியிருக்கும், வெள்ளம் வந்த இடத்தில் அந்தச் சேற்றில் மலசலகூடக் குழியின் தண்ணீரும் கலந்திருக்கும்.

ஆகவே வெள்ளம் வந்தால், கிணற்றை இறைத்துக் குளோரின் போடும்வரை பச்சைச் சம்பல், சலாட் எதுவும் வேண்டாம். அந்த நாட்களில் இலை என்றால் அவித்தது, சுண்டியது, கஞ்சியில் கொதித்தது மட்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் புழு வெளியே வரும், கிருமி சாகாது. மஞ்சள் தண்ணீரும் அப்படியே. குடிக்க, பல்லு விளக்க, பழம் கழுவ எல்லாத்துக்கும் கொதித்தாறிய தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். குளோரின் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், கிணற்றின் அளவைச் சொன்னால் எவ்வளவு போடுவது என்று சொல்வார். வயலுக்கு இறங்குபவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசையையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுக்கொள்ளலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய பூசணி, மூழ்கிய அரிசி, ஈரம் கண்ட மா எல்லாம் குப்பைக்கு. மனது கேட்காது, ஆனாலும் எறியுங்கள்.

விரத நாட்களை வீணாக்காதீர்கள்

கேதார கௌரி காப்பு, கந்தசஷ்டி, பிள்ளையார் பெருங்கதை, திருவெம்பாவை என்று ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எத்தனை மரக்கறி நாட்கள்! பெருங்கதை மட்டுமே 21 நாள். எங்கள் முன்னோர் மாரியையே மரக்கறிக் காலமாக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, பின்னேரம் வெள்ளைச் சோறு, அப்பளம், வடை, பாயாசம், மோதகம் என்று முடித்தால் சீனி ஏறி இறங்கி ஆடும். பாறணைத் தட்டில் முதலில் இலைக்கறியும் பயற்றங்கறியும் வரட்டும். கடலைச் சுண்டல் நைவேத்தியத்துக்கு ஈடு எந்தப் பலகாரமும் இல்லை. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்துச் சகோதரிகளுக்கும் இதையே சொல்வேன்: நோன்புக் கஞ்சியில் இறைச்சியைக் குறைத்துப் பயறும் கரட்டும் முருங்கையிலையும் போட்டுப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் விரதமோ நோன்போ பிடிக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த வழிகாட்டி அப்படியே பொருந்தாது. கீரை, வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் கூட. அவர்கள் கிளினிக்கில் சொல்லும் அளவோடு நிற்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை விட வேண்டியதில்லை, ஆனால் நாளுக்கு நாள் அளவு மாறக்கூடாது. சீனிக் குளிசை எடுத்துக்கொண்டே குறிஞ்சாச் சாறும் பாகற்காய்ச் சாறும் குடிப்பவர்களுக்குச் சீனி திடீரென்று விழலாம், கிளினிக்கில் சொல்லாமல் குடிக்க வேண்டாம்.

பால், முட்டைகூடச் சேர்க்காத முழு மரக்கறிக்காரருக்கு விற்றமின் பி12 எந்த இலையிலும் கிடைக்காது. குளிசையோ ஊசியோ தேவை. எருமைத் தயிர் ஒழுங்காகச் சாப்பிடுபவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மீன், முட்டையை நிறுத்தி முழு மரக்கறிக்கு மாற்றும் முன் குடும்பநல மருத்துவ மாதுவிடம் பேசுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால்

மாரியில் எந்தக் காய்ச்சலையும் டெங்கு என்று நினைத்தே நடக்க வேண்டும். பரசிற்றமோல் தவிர வேறு வலிக்குளிசை வேண்டாம், அஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாள் இரத்தச் சோதனை. அதுவரை கஞ்சித் தண்ணீர், இளநீர், ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல், தேசிக்காய்த் தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க. பீட்ரூட், சிவப்பு நிறச் சாறு, கறுப்புச் சோடா கொடுக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் இரத்தமா சாறா என்று டாக்டரால் பிரித்தறிய முடியாமல் போகும். பப்பாசி இலைச்சாற்றை நம்பி ஒரு நாளைக் கடத்தாதீர்கள். காய்ச்சல் விட்ட கையோடு வயிற்று நோவு, விடாத வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

மாசியில் செய்ய வேண்டியது

மழை விட்டு வயல் அறுவடை தொடங்கும் நேரம், வேலி துப்புரவாக்க ஆள் பிடிப்பீர்கள். வருபவரிடம் முசுட்டையைக் காட்டி, அதை அடியோடு வெட்ட வேண்டாம், நுனியைக் கிள்ளிவிட்டால் போதும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தூதுவளைக்குச் சின்ன முள் இருக்கும், களை என்று பிடுங்கிவிடுவார்கள், அதற்குப் பக்கத்தில் ஒரு தடி ஊன்றிவிடுங்கள். பூத்து முற்றிய தண்டுக்கீரையை அரிந்து கடதாசியில் உதறினால் கறுப்பு விதை கொட்டும். நல்ல வெயிலில் காயவைத்து, ஒரு சின்னப் போத்தலில் போட்டு, வருடத்தை எழுதி ஒட்டி, அடுத்த புரட்டாதிக்கு அரிசி வாளிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.